உழைக்கும் நாயின் உணவுக் கணக்கு

இலக்கியமும் கலையும் பேசும் இப்பக்கத்தில் நாயின் தீனியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஆயினும், நாயைத் தலைவனாகக் கொண்டு எழுந்த நாவல்களுள் முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்க ஒன்றில், ஓர் அத்தியாயம் நாய்த்தீனிக் கணக்கு ஒன்றையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றது என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கானகத்தின் அழைப்பு' என்னும் நாவலையே இங்கே குறிப்பிடுகின்றேன்.

கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டில் செல்வமாக வளர்ந்த பக் என்னும் நாய் களவாடப்பட்டு, பொன் தேடுவோர் மொய்த்த வடபுலப் பனிநாட்டிலே சறுக்குவண்டி இழுக்க விற்கப்படுகின்றது. அங்கே அதற்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஒன்றரை இறாத்தல் உலர்ந்த சால்மன் மீன். எடை குறைந்த மற்றைய நாய்களுக்கு ஓர் இறாத்தல். இந்த அளவைத் தொழில் தெரிந்த வண்டிக்காரர் நிறுத்துக் கொடுக்கின்றனர். பக் பசியோடு வாழ்ந்தாலும் உரம் பெறுகின்றது. பின்னர் அது தொழில் தெரியாத மூவரின் கையிலே சேருகின்றது. அவர்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுகின்றனர்: ஒரு நாய்க்கு இவ்வளவு, இத்தனை நாய், இத்தனை நாள். பெருக்கலிலே பிழை இல்லை. ஆனால் பதினான்கு நாய்களுக்கு வேண்டிய உணவை ஒரு வண்டி சுமக்க மாட்டாது என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. நாய்கள் சோர்ந்தபோது ஒருவன் அளவை இருமடங்காக்கினான். அவனுடைய தமக்கை இரக்கம் மேலிட்டு மீன் மூட்டையிலிருந்து களவாக எடுத்து ஊட்டினாள். வழியிலே காற்பங்கு கடந்தபோது உணவிலே பாதி தீர்ந்திருந்தது. அதன் பின் அளவு குறைந்தது. நாய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

உழைக்கும் விலங்குக்கு உணவளிப்பதிலே கொடுமை மட்டுமன்றிக் கணக்கறியாத இரக்கமும் உயிரைக் குடிக்கும் என்பது அந்த அத்தியாயம் நமக்குக் கூறும் செய்தி. அதே கேள்வி இன்றும் பிரித்தானியாவின் மலைச்சாரல்களிலும் நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களிலும் மந்தை மேய்க்கும் குடியானவர் முன் நிற்கின்றது. ஐந்து நாய் வைத்திருக்கும் ஒருவர், கையிலே அளவாகப் பணம் வைத்துக்கொண்டு, கடையிலே அடுக்கியிருக்கும் உலர்தீனிப் பைகளுள் எதை எடுப்பது? எது மலிவு? மலிவு என்ற சொல்லுக்கு இவ்விடத்தில் என்ன பொருள்? இவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. குட்டிகளும் சூல்கொண்ட நாய்களும் வேறு விதிக்கு உரியன. நாம் பேசுவது வளர்ந்து தொழிலில் நிற்கும் நாயைப் பற்றியே.

மிச்சத்தின் விலை

உலர்தீனி வருமுன் மந்தை நாய் உண்டது பெரும்பாலும் மிச்சத்தையே. ஓட்ஸ் மாவிலோ வாற்கோதுமை மாவிலோ காய்ச்சிய கூழும், இறந்த ஆட்டின் இறைச்சியும், கறிக்கு ஆடறுக்கும்போது ஒதுக்கப்படும் ஈரல், நுரையீரல் முதலியனவும் அதன் பங்காயின. பணம் கொடுத்து வாங்காத உணவைவிட மலிவானது எது என்று எவரும் எண்ணுவர். அந்த எண்ணத்திற்கு நியூசிலாந்து கொடுத்த விலை பெரிது.

நாயின் குடலிலே வாழும் ஒரு வகை நாடாப்புழு உண்டு. நீளத்தில் சில மில்லிமீற்றரே. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். புல்லை மேயும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளரும். அந்த ஈரலைப் பச்சையாக உண்ணும் நாயின் குடலிலே மீண்டும் புழுக்கள் தோன்றும். இவ்வாறு ஆடும் நாயுமாகச் சுழலும் இந்த வட்டத்திலே மனிதனும் அகப்படுகின்றான். நாயைத் தடவிய கையைக் கழுவாது உணவுண்ணும் குழந்தையின் ஈரலிலும் அதே கட்டி தோன்றி, ஆண்டுக்கணக்காக ஓசையின்றி வளர்ந்து, கடைசியிலே சத்திரவைத்தியரின் கத்திக்கு வேலை வைக்கும். உயிரிழந்தோரும் பலர். ஆட்டுமந்தையையே பெருஞ்செல்வமாகக் கொண்ட அந்நாட்டிலே இது குடும்பம் குடும்பமாகப் பரவிய நோயாக இருந்தது. 1959ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பச்சைக் குடற்கழிவை நாய்க்குப் போடுவது தடுக்கப்பட்டது. நாய்களுக்கு ஒழுங்காகப் புழுமருந்து கொடுக்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பின் பின், 2002ஆம் ஆண்டிலேதான் அந்நோய் நாட்டை விட்டு நீங்கியதாகத் தற்காலிகமாகவேனும் அறிவிக்க முடிந்தது. இன்றும் அங்கே நாய்க்கு ஆட்டிறைச்சி கொடுப்போர் அதனை வேகவைத்தோ நன்கு உறையவைத்தோ கொடுக்கும்படி அறிவுறுத்தப்படுகின்றனர்.

விலையின்றிக் கிடைத்த தீனிக்கான விலையை ஆட்டுக்காரரின் பிள்ளைகள் தம் உடலாலே செலுத்தினர். மலிவைக் கணக்கிடுமுன் இந்தப் பழைய கடனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

விசுக்கோத்தும் இடியப்ப உரலும்

உலர்தீனியின் வரலாறு ஏறக்குறைய 1860ஆம் ஆண்டையொட்டித் தொடங்குகின்றது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இடிதாங்கி விற்கும் நோக்கோடு இங்கிலாந்துக்கு வந்தார். துறைமுகத்திலே மாலுமிகள் எறிந்த பழுதுபட்ட கப்பல் விசுக்கோத்துகளை நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்பர். கோதுமை மா, காய்கறி, பீற்றூட் ஆகியவற்றோடு இறைச்சியும் சேர்த்துச் சுட்ட நாய் விசுக்கோத்தை அவர் விற்கத் தொடங்கினார். கடையிலே காசு கொடுத்து நாய்க்கு உணவு வாங்கும் வழக்கம் பெருந்தொழிலாக வளர்ந்தது அதன் பின்னரே.

இன்று பைகளிலே காணும் உருண்டைத் தீனி பிற்காலத்தது. காலை உணவுத் தானியங்கள் செய்யப் பயன்பட்ட இயந்திரத்தையே நாய்த்தீனிக்குப் பயன்படுத்தி, பியூறினா கொம்பனி 1957ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடைகளிலே அதனை விற்பனைக்கு விட்டது. அந்த இயந்திரத்தின் தத்துவம் நம் வீட்டு இடியப்ப உரலின் தத்துவமே. தானிய மாவும் இறைச்சித் தூளும் நீராவியோடு குழைக்கப்பட்டு, மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சிறு துளைகளினூடாகத் தள்ளப்படுகின்றன. வெளிவந்த கணத்தில் அழுத்தம் நீங்குவதால் மா பொருமிப் பருக்கின்றது. துண்டுகளாக வெட்டி, ஈரலிப்பு நூற்றுக்குப் பத்தளவில் வரும்வரை உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளிக்கின்றனர். மாப்பொருள் நன்கு வெந்துவிடுவதால் நாய்க்கு எளிதில் சமிபாடடைகின்றது.

உலர்தீனி மலிவாவதற்குரிய காரணமும் இங்கேயே உண்டு. தகரத்தில் அடைத்த நாயுணவிலே நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் நீர் இருத்தல் இயல்பு. அந்த நீருக்கும், அதைச் சுமக்கும் தகரத்திற்கும், தகரத்தை ஏற்றிவரும் வண்டிக்கும் வாங்குபவரே பணம் கொடுக்கின்றார். உலர்தீனி வாங்குபவர் நீரைத் தம் வீட்டுக் குழாயிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் கொடுக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. உலர்தீனி உண்ணும் நாயின் பக்கத்திலே எந்நேரமும் தூய நீர் இருத்தல் அவசியம்.

உலர்ந்தது என்பதற்காக அது கெடாது என்று எண்ணுவதும் தவறு. கப்டன் ஸ்கொட் 1901ஆம் ஆண்டில் டிஸ்கவரி என்னும் கப்பலிலே தென்துருவக் கண்டத்துக்குப் புறப்பட்டபோது, நாய்களுக்கென நோர்வேயிலே உலர்த்திய கருவாடு ஏற்றிச் சென்றார். 1902 நவம்பரில் ஸ்கொட், வில்சன், ஷக்கிள்டன் ஆகிய மூவரும் 19 நாய்களோடு தெற்கு நோக்கி நடந்தனர். சில வாரங்களுக்குள் நாய்கள் தளர்ந்தன. பயணம் முடியுமுன் அவை அனைத்தும் மாண்டன. கப்பல் வெப்பவலயத்தைக் கடந்தபோது அந்தக் கருவாடு பழுதடைந்துவிட்டது என்பதே ஸ்கொட் பின்னர் கூறிய விளக்கம். மூட்டையின் எடை குறையவில்லை. கணக்குப்படி உணவு இருந்தது. ஆனால் உணவின் குணம் போய்விட்டது. மலிவாகக் கிடைக்கின்றதென்று ஆறு மாதத்துக்குரிய பைகளை ஒருங்கே வாங்கிச் சூடான தகரக் கொட்டிலிலே அடுக்கி வைப்பவர் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

நாயின் தேவையை அளக்க மிருக வைத்தியர் கையாளும் வாய்பாடு ஒன்று உண்டு. கணித ஆசிரியர் இதனைச் சுவையோடு வகுப்பிலே காட்டலாம். நாயின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மும்முறை தன்னாலே பெருக்கி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு, அதற்கு மீண்டும் வர்க்கமூலம் கண்டு, 70ஆல் பெருக்குக. வருவது அந்நாய் ஓய்ந்து கிடக்க நாளொன்றுக்கு வேண்டிய கிலோ கலோரி. போடர் கொலி இனத்து மந்தை நாய் ஒன்றை 20 கிலோ எனக் கொள்வோம். மும்மடிப் பெருக்கம் 8000. முதல் வர்க்கமூலம் ஏறக்குறைய 89.4, இரண்டாவது 9.46; எழுபதாற் பெருக்க 662. நாற்பது கிலோ நாய்க்கு இதே கணக்கைச் செய்தால் 1113 வரும். எடை இருமடங்காயினும் தேவை இருமடங்காவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இது ஓய்வுக்கு உரியது. வீட்டிலே காவல் கிடக்கும் நாய்க்கு இதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் போதும். மலையிலே மந்தை திரட்டும் நாய்க்கு இருமடங்கு முதல் மும்மடங்கு வரை வேண்டும். அதாவது நமது 20 கிலோ நாய்க்கு 1300 முதல் 2000 கிலோ கலோரி வரை. அலாஸ்காவின் உறைபனியிலே நெடுந்தூர ஓட்டத்தில் வண்டி இழுக்கும் நாயோ நாளொன்றுக்குப் பதினாயிரம் கிலோ கலோரியையும் செலவிடுவதுண்டு.

உழைப்பின் அளவு மட்டுமன்று, அதன் வகையும் உணவைத் தீர்மானிக்கின்றது. பந்தயக் கிறேஹவுண்ட் அரைநிமிட அளவே ஓடுகின்றது. அந்த ஓட்டத்துக்குத் தசையிலே சேர்த்துவைத்த மாச்சத்து உடனே எரிய வேண்டும். நாளின் மிகுதி நேரம் அது படுத்தே கிடப்பதால் மிகையான கொழுப்பு அதற்குச் சுமை. வண்டி நாய் மணிக்கணக்காக ஒரே சீராக ஓடுவது. அதன் எரிபொருள் கொழுப்பு. அதன் உணவுச் சக்தியிலே பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருதல் வழக்கம். மந்தை நாய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விட்டு விட்டு விரைந்தோடி, நாள் முழுவதும் நிற்பது. நூற்றுக்கு 25 அளவிலே புரதமும் 15 முதல் 20 வரை கொழுப்பும் உள்ள தீனி, கடும் உழைப்புக் காலத்தில் அதற்குப் பொருந்தும்.

பையின் மேலுள்ள சொற்கள்

பிரித்தானியக் கடையிலே 'உழைக்கும் நாய்களுக்குரியது' என்று அச்சிட்ட பைகள் பல உண்டு. வாங்குபவர் இதனை உயர்ந்த உணவு என்று விளங்கிக்கொள்வது இயல்பு. உண்மையில் அச்சொல் முதற்கண் ஒரு வரிச்சொல். அந்நாட்டிலே 1973ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பெறுமதி சேர் வரி செல்லப்பிராணிகளின் உணவுக்கு இன்று நூற்றுக்கு 20 வீதம் விதிக்கப்படுகின்றது. மந்தை நாய், வேட்டைக்கார நாய், பந்தய நாய் போன்ற உழைக்கும் நாய்களுக்கெனத் தனியே விற்கப்படும் தீனிக்கோ அவ்வரி பூச்சியம். வரி நீங்கி 20 பவுணுக்கு வரும் பை, வரியோடு 24 பவுணாகும். ஏழைக் குடியானவருக்கு இது உண்மையான உதவியே. ஆனால் அச்சொல் பையின் உள்ளே இருப்பதன் தரத்துக்குச் சான்று அன்று. 'உழைக்கும் நாய்' என்ற பெயரோடு, 18 வீதப் புரதமும் 8 வீதக் கொழுப்பும் மட்டுமே கொண்ட பைகளும் உள. 30 வீதப் புரதமும் 20 வீதக் கொழுப்பும் கொண்டனவும் உள. பெயர் ஒன்று, பொருள் வேறு.

ஆகவே முகப்பை விடுத்துப் பையின் முதுகைப் படித்தல் வேண்டும். முதலிலே தேட வேண்டியது 'முழு உணவு' என்ற குறிப்பு. அதனை மட்டும் உண்டு நாய் நலமாக வாழ வேண்டிய சத்துக்கள் யாவும் அதிலே உள்ளன என்பது இதன் கருத்து. 'துணை உணவு' என்றிருப்பின் வேறு ஏதேனும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கும் பணம் வேண்டும்.

அடுத்தது இறைச்சியின் பெயர். 'கோழியிறைச்சியுடன்' என்று எழுத, நூற்றுக்கு 4 பங்கு கோழி இருந்தாலே ஐரோப்பிய, பிரித்தானிய விதிகளின்படி போதும். பையின் மேல் வரைந்த கோழியின் பருமனைக் கண்டு மயங்குதல் கூடாது.

தானியம் சேர்ந்திருப்பதைக் கலப்படம் என்று கருதுவோரும் உளர். நாய் மனிதனோடு வாழத் தொடங்கிய காலந்தொட்டு அவனுடைய தானியத்தையும் பகிர்ந்துண்டு வந்தது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயிலும் பார்க்க நாயிலே பன்மடங்கு பெருகியிருப்பதைக் காட்டிற்று. வெந்த சோளமும் அரிசியும் கோதுமையும் நாய்க்குத் தகாதன அல்ல. 'தானியமற்றது' என்ற சொல்லுக்காக மிகுந்த விலை கொடுப்பது பெரும்பாலும் வீண்செலவே. பயறு, பட்டாணி மிகுந்த அத்தகைய சில தீனிகளுக்கும் நாய்களின் இருதய நோய்க்கும் தொடர்புண்டோ என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அத்தொடர்பு ஐயமற நிறுவப்படவில்லை.

இரு பைகளின் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். விளக்கத்துக்காக நாமே இரண்டு பைகளைக் கற்பித்துக்கொள்வோம். இரண்டும் 15 கிலோ. முதற்பை 18 பவுண். நூற்றுக்குப் புரதம் 20, கொழுப்பு 8, நார் 4, சாம்பல் 8, ஈரலிப்பு 10. இரண்டாவது பை 21 பவுண்; புரதம் 26, கொழுப்பு 16, நார் 3, சாம்பல் 7, ஈரலிப்பு 8. மாச்சத்தின் அளவை எந்தப் பையும் பெரும்பாலும் கூறாது. கூறியவற்றையெல்லாம் கூட்டி நூறிலிருந்து கழித்தால் அது கிடைக்கும்: முதற்பையில் 50, இரண்டாவதில் 40.

நாய்த்தீனிக்குப் பொதுவாகக் கையாளும் கணக்குப்படி, புரதமும் மாச்சத்தும் கிராமுக்கு 3.5 கிலோ கலோரியும் கொழுப்பு 8.5 கிலோ கலோரியும் தரும். முதற்பையின் 100 கிராமில் 70, 68, 175, கூட்டினால் 313. இரண்டாவதில் 91, 136, 140, கூட்டினால் 367.

நமது நாய்க்கு நாளொன்றுக்கு 1600 கிலோ கலோரி வேண்டும் என்போம். முதற்பையிலிருந்து 511 கிராம் கொடுக்க வேண்டும். அப்பை 29 நாளைக்கு வரும். இரண்டாவதில் 436 கிராம் போதும். அது 34 நாளைக்கு வரும். ஒரு நாட்செலவு இரண்டிலும் ஏறக்குறைய 61 பென்ஸ். கடையிலே மூன்று பவுண் மலிவாகத் தோன்றியது, நாயின் கலத்திலே மலிவாக இல்லை.

இன்னும் ஒன்று. இக்கணக்கு இரண்டு தீனியும் ஒரே அளவில் சமிபாடடைகின்றன என்று கொண்டது. நாரும் சாம்பலும் மிகுந்த மலிவுத் தீனியிலே நாயின் உடலிற் சேராது வெளியேறுவது பெரும்பாலும் அதிகம். அதைக் கணக்கிற் சேர்த்தால் மலிவுப்பையே விலை கூடியதாகிவிடும். மேலும் களைத்து வந்த நாய் முதற்பையின் அரைக்கிலோவுக்கு மேற்பட்ட பெருங்கவளத்தை உண்ண வேண்டியிருக்கின்றது. தேவை 2000 ஆக உயரும் நாளிலே அது 640 கிராமாகும். நிறைந்த வயிற்றோடு மலையேறுவது எவ்வுயிருக்கும் இன்பமன்று.

இதனால் விலை கூடியதே நல்லது என்று முடிவுகட்டுதல் ஆகாது. இரண்டாவது பையின் விலை 26 பவுணாக இருந்தால் அதன் நாட்செலவு 76 பென்ஸ் ஆகும். ஐந்து நாய் வைத்திருப்பவருக்கு ஒரு நாய்க்கு 15 பென்ஸ் கூடினால் ஆண்டொன்றுக்கு 270 பவுணுக்கு மேல் செல்லும். அத்தொகை சிறியதன்று. உழைப்புக் குறைந்த நாய்க்கு முதற்பையின் சத்தே போதுமாயிருக்கலாம். வளர்ந்த நாயின் உணவிலே, ஈரலிப்பை நீக்கிக் கணக்கிட்டால், நூற்றுக்கு 18 புரதமும் 5.5 கொழுப்பும் குறைந்த எல்லையாக அமெரிக்காவிலே வகுக்கப்பட்டுள்ளன. முதற்பை அந்த எல்லையைத் தாண்டியே நிற்கின்றது. விலையை எடைக்கு வகுக்காமல் ஆயிரம் கிலோ கலோரிக்கு வகுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின், அந்த நாயின் தொழிலோடு அதனை ஒப்பிட வேண்டும். இவ்விரண்டுமே நாம் கைக்கொள்ளத்தக்க முறை.

உடலே சாட்சி

வாய்பாடு தருவது தொடக்கம் மட்டுமே. ஒரே எடையுள்ள இரு நாய்களின் தேவை பெரிதும் வேறுபடும். ஆகவே இறுதித் தீர்ப்பை நாயின் உடலிடமே கேட்க வேண்டும். விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் தூரத்திலிருந்து எண்ணக்கூடியனவாகத் துருத்தி நிற்கலாகாது. மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். மிருக வைத்தியர் இதனை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டு அளப்பர். நான்கும் ஐந்தும் நல்ல நிலை. அடர்ந்த மயிருள்ள மந்தை நாயைக் கண்ணாற் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும், கையே நம்பத்தக்கது.

மலமும் ஒரு சாட்சி. சிறிதாகவும் இறுகியும் இருப்பின் உணவு உடலிலே சேருகின்றது. அளவிலே மிகுந்தும் இளகியும் இருப்பின் பணத்தின் ஒரு பகுதி நிலத்திலே கிடக்கின்றது.

ஆண்டு முழுவதும் ஒரே அளவு கொடுப்பதும் வீண். ஆடு ஈனும் காலத்திலும் மயிர் கத்தரிக்க மந்தை திரட்டும் காலத்திலும் அளவு உயர வேண்டும். வேலையற்ற வாரங்களிலே தாழ வேண்டும். மிகுதியாக ஊட்டுவது அன்பு ஆகாது. லபிறடோர் நாய்கள் 48ஐ வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்விலே, இணையான நாயைவிடக் காற்பங்கு குறைவாக உண்டவை நடுத்தரக் கணக்கில் 13 ஆண்டும், மற்றவை 11.2 ஆண்டும் வாழ்ந்தன. பயிற்றி எடுத்த ஒரு மந்தை நாயிடமிருந்து ஏறக்குறைய இரண்டாண்டு வாழ்வு கூடுதலாகக் கிடைக்கும் என்றால், எந்தத் தள்ளுபடி விலையும் அதற்கு ஈடாகாது.

பெரும்பங்கை வேலை முடிந்து, நாய் இளைப்பாறிய பின் மாலையிலே கொடுத்தல் நன்று. வயிறு நிறைய உண்டவுடன் ஓடவிட்டால், நெஞ்சு ஆழ்ந்த நாய்களிலே இரைப்பை பொருமித் திருகிச் சில மணி நேரத்தில் உயிர் போதலும் உண்டு. தீனியை மாற்றுவதாயின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். வாரந்தோறும் மலிவாகக் கிடைக்கும் வெவ்வேறு பையைத் தேடி ஓடுவோர் தம் நாயின் வயிற்றைக் கெடுத்து, மிச்சம்பிடித்த பணத்தை மருந்துக்குக் கொடுப்பர். பையைக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில், வாயை இறுகக் கட்டி வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததையும் கெட்ட எண்ணெய் நாற்றம் வீசுவதையும் எறிந்துவிடத் தயங்கலாகாது.

நியூசிலாந்தின் டெக்காப்போ ஏரிக்கரையிலே, மந்தை நாய் ஒன்றின் வெண்கலச் சிலை 1968ஆம் ஆண்டு தொட்டு நிற்கின்றது. அந்த மலைநாட்டிலே மேய்ச்சல் தொழில் நிலைபெற நாய்கள் செய்த உதவியை மக்கள் அவ்வாறு நினைவுகூர்ந்தனர். நன்றியறிதல் நல்ல பண்பே. ஆயினும் சிலை நாட்டுவது ஒரு முறை செய்து முடிக்கும் செயல். உணவளிப்பது ஒவ்வொரு மாலையும் செய்ய வேண்டிய செயல். உழைக்கும் மனிதன் கூலி குறைந்தால் கேட்பான். கேட்டும் கிடைக்காவிடில் வேலையை நிறுத்துவான். நாய் அவ்வாறு செய்வதில்லை. அரைவயிறு உண்டபோதும் சீழ்க்கை ஒலி கேட்டவுடன் எழுந்து மலையை நோக்கி ஓடுகின்றது. தன் பொருட்டுக் கணக்குக் கேட்க அறியாத அந்த உயிருக்காகக் கணக்குப் பார்க்க வேண்டியவர் அதனிடம் வேலை வாங்குபவரே. பையின் முதுகிலுள்ள ஐந்து எண்களைக் கூட்டிக் கழிக்கக் கால்மணி நேரம் போதும். விலாவைத் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.